வார்டுக் குளத்தைப் பட்ஜெட்டில் ஏற்றுவது எப்படி

சென்னை மாநகராட்சியின் பட்ஜெட் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ ரிப்பன் மாளிகையில் வாசிக்கப்படுகிறது. அன்றைய அறிவிப்புகளைப் பார்த்த பிறகு, "நம்ம குளத்துக்கு ஒண்ணும் வரலையே" என்று குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் புலம்பல் கிளம்பும். அடுத்த வாரமே ஒரு மனு தயாராகும். கையெழுத்து வாங்கி, மேயர் அலுவலகத்தில் கொடுத்து, ரசீதும் பெற்றுக்கொண்டு வருவார்கள். மனு நியாயமானதுதான், ஆனால் நேரம் பிந்திவிட்டது. அந்த நிதியாண்டில் எந்தெந்த வேலைக்குப் பணம் என்பது, நாலைந்து மாதங்களுக்கு முன்பே வார்டு உதவிப் பொறியாளரின் மேசையிலும் மண்டல அலுவலகத்திலும் பெரும்பாலும் முடிவாகியிருக்கும். மதிப்பீடு போட்டுக் கோப்பாகிவிட்ட வேலைதான் பட்ஜெட் கணக்கில் ஏறும். கோப்பே இல்லாத குளத்துக்கு எவ்வளவு நல்ல மனம் படைத்த மேயரும் பணம் ஒதுக்க வழியில்லை.

ஆகவே ஒரு குளத்தை மீட்க நினைக்கும் தெருக்காரர்கள் பட்ஜெட்டுக்கு ஓராண்டு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். அந்த ஓராண்டில் என்னென்ன செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சென்னையை வைத்துச் சொல்கிறேன். தாம்பரத்திலோ ஆவடியிலோ கோவையிலோ இருப்பவர்களுக்குப் பதவிப் பெயர்களும் துறைகளும் கொஞ்சம் மாறலாம், நடைமுறை ஏறக்குறைய இதேதான்.

முதல் வேலை, குளம் யாருடையது என்று கண்டுபிடிப்பது. இதைத் தாண்டிக்கொண்டு போனவர்கள்தான் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். சென்னையில் நீர்நிலைகளுக்கு ஒரே சொந்தக்காரர் கிடையாது. சிறு குளங்கள், குட்டைகள் பல மாநகராட்சிப் பொறுப்பில் இருக்கின்றன. பெரிய ஏரிகள் நீர்வளத் துறையிடம், கோயில் குளங்கள் பெரும்பாலும் அறநிலையத் துறையிடம், சில இடங்கள் இன்னும் வருவாய்த் துறைக் கணக்கிலேயே கிடக்கின்றன. 2011-இல் நகர எல்லை விரிந்து 426 சதுர கிலோமீட்டரும் 200 வார்டுகளும் ஆனபோது, அதுவரை ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சிகளில் இருந்த ஏரி குளங்கள் பல உள்ளே வந்தன. அவற்றில் பல விவசாயப் பாசனத்துக்கு வெட்டியவை. பாசனமே இல்லாமல் போன பிறகும் பழைய கணக்கு அப்படியே தொடர்கிறது.

இதற்கு அ-பதிவேடு அல்லது நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் வேண்டும். வருவாய்த் துறையின் இணையச் சேவையிலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ வாங்கலாம். அந்தத் தாளில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: புல எண், பரப்பு, வகைப்பாடு. 'சர்க்கார் புறம்போக்கு' என்று போட்டுக் குறிப்புப் பத்தியில் 'குளம்', 'குட்டை', 'தாங்கல்' என்று ஏதாவது இருக்கும். அடுத்ததாகப் புலப்பட நகல் வாங்கி, தாளில் உள்ள வடிவத்தையும் தரையில் தெரியும் வடிவத்தையும் ஒப்பிடுங்கள். காகிதத்தில் ஒன்றரை ஏக்கர், தரையில் முக்கால் ஏக்கர் என்பது இந்த ஊரில் அடிக்கடி காணும் காட்சி. தியாகராய நகரே 1920-களில் மயிலாப்பூர் நெடுங்குளத்தை வற்றவைத்து எழுப்பிய பகுதிதான். நீரை நிலமாக்கும் பழக்கம் நமக்கு நேற்று வந்ததல்ல.

நிலம் வேறு துறையுடையது என்றால் மாநகராட்சி அதில் கை வைக்க அந்தத் துறையின் தடையின்மைச் சான்று தேவை. சான்று வரச் சில மாதங்கள் பிடிக்கலாம். அதனால்தான் இந்தத் தாளை எடுத்துவிட்டு மற்றதைத் தொடங்கச் சொல்கிறேன். பொறியாளரிடம் போய் நின்றால் அவர் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்: "சர்வே நம்பர் இருக்கா சார்?" இருக்கிறது என்று நீட்டுகிறவரிடம் பேச்சு அந்த நொடியே மாறிவிடும்.

எல்லையைப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லை அளக்கச் சர்வேயர் வந்தால் ஆக்கிரமிப்பு விவகாரம் கிளம்பும். கரையோரத்தில் இருபது குடிசைகள் இருக்கும். எதிர்க்கரையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிற்சுவர் குளத்துக்குள் ஐந்தடி வந்திருக்கும். குடிசைகள் போய்விடும், சுவர் நின்றுவிடும். குடிசைக்காரர்கள் பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்படுவார்கள். பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி, மழைக்குத் தானே வெள்ளத்தில் நிற்கும் இடம். சுற்றுச்சூழலின் பெயரால் இப்படி ஒரு அநியாயம் நடக்க நம் மனு காரணமாகக் கூடாது. கரையில் வசிப்பவர்களை முதல் கூட்டத்திலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் தண்ணீர் வரும், எந்த வருஷம் எதுவரை ஏறியது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அளப்பதென்றால் நான்கு கரையையும் அளக்கவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, குளத்துக்கு என்ன நோய் என்று பார்ப்பது. கோடையில் ஒருமுறை, நல்ல மழை பெய்து கொண்டிருக்கும்போது ஒருமுறை கரையைச் சுற்றி நடந்தால் பாதி விடை கிடைத்துவிடும். கோடையில் தண்ணீர் நின்று நாறினால் கழிவுநீர் கலக்கிறது. அந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். சென்னையில் கழிவுநீர் மாநகராட்சியின் பொறுப்பில் இல்லை, குடிநீர் வாரியத்துடையது. அதற்குத் தனிப் புகார், தனிக் கோப்பு. மழையில் நடக்கும்போது வேறொன்று தெரியும். தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், பத்தடி தள்ளிக் குளம் பாதிகூட நிரம்பாமல் இருக்கும். காரணத்தைத் தேடிக் குனிந்து பார்த்தால், குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் வாயில் இருந்த சிறுபாலம் சாலை மட்டத்துக்குக் கீழே புதைந்திருக்கும். தார் மேல் தார் போட்டுச் சாலை ஏறியிருக்கும், குழாயின் வாயில் ஒரு கையகலம்தான் திறந்திருக்கும், அதிலும் பாலிதீன் பை அடைத்திருக்கும். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போடவேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். அதற்கு முன் ஏறிய மட்டம் ஏறியதுதான். இந்தப் படத்தைத் தேதியோடு எடுத்து வையுங்கள். குளத்தை மீட்பதில் பாதி வேலை இந்த வாயைத் திறப்பதில்தான் இருக்கிறது.

இனி இதை வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் வைக்கவேண்டும். 1992-இல் நிறைவேறி 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சாசனத் திருத்தம், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு அவற்றில் ஒன்று. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டுக் குழு வேண்டும் என்றும் அது சொன்னது. தமிழ்நாட்டில் வார்டுக் குழு, பகுதி சபைக்கான விதிகள் வர 2022 ஆயிற்று. அதற்கு முன் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல்வரை சென்னைக்கு மாமன்ற உறுப்பினர்களே இல்லை. அதிகாரிகளே பட்ஜெட் போட்டார்கள். அந்த வெற்றிடத்தை நினைத்துப் பார்த்தால்தான் பகுதி சபையின் அருமை விளங்கும். கிராமத்தில் கிராம சபைபோல நகரத்தில் பகுதி சபை. வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வாக்காளர்கள் கூடுவது. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாட்களையொட்டி ஆண்டுக்கு நான்கு முறை கூட்டவேண்டும் என்பது ஏற்பாடு. நடைமுறையில் அறிவிப்பு கடைசி நேரத்தில்தான் வரும், சில வார்டுகளில் வராமலே போகும். அதனால் மாமன்ற உறுப்பினரிடம் ஒரு மாதம் முன்பே போய்த் தேதியும் இடமும் கேட்டு வைப்பது நல்லது. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் கூட்டம் நடக்கும்.

இந்த நான்கில் செப்டம்பர்க் கூட்டம்தான் நமக்கு உயிர். அடுத்த ஆண்டுக்கான தேவைகளைத் துறைகள் தொகுக்கத் தொடங்கும் காலம் அதையடுத்து வருகிறது. டிசம்பர்க் கூட்டத்தில் சொன்னால் பட்டியலின் வாலில் ஒட்டிக்கொள்ளலாம், அவ்வளவே. கூட்டத்தில் தெருவிளக்கு, நாய்த்தொல்லை, குப்பை வண்டி என்று பேச்சு போகும். எல்லாமே உண்மைக் குறைகள்தான், யாரையும் குறுக்கிட வேண்டாம். உங்கள் முறை வரும்போது இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள்: புல எண், இப்போதைய நிலை, வேண்டிய மூன்று வேலைகள். பேசியதைவிட முக்கியம், அது தீர்மானப் புத்தகத்தில் எப்படி எழுதப்படுகிறது என்பது. 'குளத்தைச் சீரமைக்கக் கோரப்பட்டது' என்று ஒரு வரி எழுதிவிட்டால் நாளைக்கு அதில் எதையும் நுழைக்கலாம். 'இன்ன புல எண்ணில் உள்ள குளத்துக்கு வரத்துக்கால் வாயைத் திறப்பது, வண்டல் தொட்டி கட்டுவது, தூர்வாருவது ஆகியவற்றுக்கு மதிப்பீடு தயாரிக்க வார்டுக் குழுவுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது' என்று முழுசாக எழுதச் சொல்லி, அதன் நகலை வாங்குங்கள். வாசகத்தை முன்கூட்டியே தட்டச்சு செய்து கொண்டுபோனால் எழுதுகிறவருக்கும் சுலபம்.

தீர்மானம் கையில் வந்ததும் உதவிப் பொறியாளர். எல்லாரும் 'ஏ.இ.' என்றுதான் சொல்வார்கள். ஒரே ஆளின் தலையில் சாலை, வடிகால், பூங்கா, கழிப்பறை என்று எல்லாம் விழும். அவரைக் குற்றவாளியாக நடத்தினால் காரியம் நடக்காது. களத்துக்கு அழைத்துப் போய், எடுத்த படங்களைக் காட்டி, "மேடம், இந்த வாயைத் திறந்தா தெருத் தண்ணியும் வடியும், குளமும் நிரம்பும்" என்று சொல்லிப் பாருங்கள். தெருவில் தண்ணீர் நிற்பது அவருக்கும் தலைவலி. இரண்டு பிரச்சினைக்கு ஒரு வேலை என்று புரிந்தால் அவரே ஆர்வம் காட்டுவார்.

அவர் போடுகிற மதிப்பீடுதான் இந்த முழுப் பயணத்தின் உயிர்நிலை. பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலை வைத்து ஒவ்வொரு வேலைக்கும் அளவு, விலை, தொகை என்று போடுவார்கள். அதன் சுருக்கத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மண் வெட்டுதல், வெட்டிய மண்ணை லாரியில் கொண்டுபோகும் 'லீடு', கரை பலப்படுத்துதல் என்று தொடங்கும். கீழே போகப் போக நடைபாதை, பேவர் பிளாக், கம்பிவேலி, நுழைவாயில் வளைவு, செல்ஃபி பாயின்ட், அலங்கார விளக்கு. கடைசியில் கூட்டிப் பார்த்தால் கரைக்கு மேலே உள்ளவற்றுக்கே பெரும் பங்கு போயிருக்கும். வரத்துக்காலுக்கு ஒரு வரிகூட இல்லாத மதிப்பீடுகளும் உண்டு. நடைபாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதியவர்களுக்கு நடக்க இடமில்லாத ஊர் இது. ஆனால் தண்ணீர் வராத குளத்தைச் சுற்றி நடைபாதை போட்டுவிட்டு அதை மீட்பு என்று கணக்கெழுதுவதை ஏற்க முடியாது. தண்ணீர் வரும் வழி, வந்த தண்ணீரின் வண்டலைத் தடுக்கும் தொட்டி, நிரம்பினால் வெளியேறும் கலங்கல், இவை மூன்றும் முதலில். நடைபாதை மிச்சத்தில்.

இரண்டு இடங்களில் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கலாம். ஒன்று, பக்கச்சுவருக்குக் கான்கிரீட் வேண்டாம் என்பது. சாய்வான மண்கரையில்தான் கோரைப்புல் முளைக்கும், தவளையும் நாமக்கோழியும் வாழும், நீர் நிலத்துக்குள் இறங்கும். மற்றொன்று ஆழம். அதிகமாக வெட்டினால் அதிகத் தண்ணீர் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நீரைப் பிடித்துவைக்கும் அடிக் களிமண் படலம் பல குளங்களில் மெல்லியது. அதை உடைத்தால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். வண்டலோடு நிறுத்து என்பதை மதிப்பீட்டின் விவரணையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பணம் எந்தப் பையிலிருந்து வரும் என்பதை மதிப்பீட்டுத் தொகைதான் தீர்மானிக்கும். சின்ன வேலையென்றால், வரத்துக்காலைத் திறந்து தொட்டி கட்டுவது மட்டும்தான் என்றால், மாமன்ற உறுப்பினரின் வார்டு மேம்பாட்டு நிதியே போதும்; பட்ஜெட் வரை போகவே வேண்டாம். சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டுக்காக ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி உண்டு. மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் அம்ருத் 2.0 திட்டத்தில் நீர்நிலைப் புனரமைப்புக்கு இடமுண்டு. தனியார் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் குளங்களுக்கு வருகிறது. அதில் வேலை சீக்கிரம் நடக்கும், பெயர்ப் பலகையும் சீக்கிரம் வரும். பராமரிப்பு யாருடையது என்று மட்டும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இவை எதிலும் அடங்காதபோதுதான் மாநகராட்சியின் சொந்த மூலதனக் கணக்கு. சொத்துவரி, தொழில்வரி, முத்திரைத்தாள் கூடுதல் வரி, மாநில நிதி ஆணையப் பகிர்வு, மானியம், கடன் எல்லாம் சேர்ந்ததுதான் மாநகராட்சியின் வரவு. பெரிய மழைநீர் வடிகால் பணிகள் வெளிநாட்டு வங்கிக் கடனில் நடக்கின்றன; கொசஸ்தலை வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி. உங்கள் வார்டில் அப்படியொரு வடிகால் வேலை நடக்கப் போகிறதென்றால், வரைபடம் முடிவாகும் முன்பே அதைக் குளத்தோடு இணைக்கக் கேளுங்கள். குழி தோண்டிய பிறகு கேட்டால் நடக்காது.

தொகை கூடக்கூட ஒப்புதல் தரும் கையும் மாறும். மண்டலம், ஆணையர், மாமன்றம், அதற்கும் மேல் அரசு. நிர்வாக ஒப்புதல் ஒன்று, தொழில்நுட்ப ஒப்புதல் ஒன்று. கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, எந்த மேசையில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை மரியாதையாகக் கேட்பதைத் தவிர இந்தக் கட்டத்தில் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை.

பட்ஜெட் நாள் வந்தபின் உரையைவிடப் புத்தகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு இனத்துக்கும் பத்தி பத்தியாகத் தொகை இருக்கும்: முந்தைய ஆண்டில் உண்மையில் செலவானது, நடப்பாண்டுக்கு முதலில் ஒதுக்கியது, அதைத் திருத்தியது, வரும் ஆண்டுக்கு ஒதுக்குவது. நீர்நிலை, பூங்கா, மழைநீர் வடிகால் வரிகளில் முதல் பத்தியை அந்த ஆண்டுப் புத்தகத்தில் ஒதுக்கியிருந்த தொகையோடு ஒப்பிட்டால் உரையில் கேட்காத செய்தி கிடைக்கும். பத்து கோடி ஒதுக்கிப் பாதிகூடச் செலவாகாத இனத்தில் பதினைந்து கோடி அறிவித்தால், கேட்க வேண்டிய கேள்வி, 'போன வருஷம் ஏன் செலவாகவில்லை?' என்பதுதான். மாமன்றத்தில் விவாதம் நடக்கும் நாட்களில் உங்கள் உறுப்பினர் இந்தக் கேள்வியைக் கேட்கும்படி அந்தப் பக்கத்தை நகலெடுத்து அவரிடம் கொடுங்கள். சென்னைக்கு 2023-இல் வெளியான காலநிலைச் செயல்திட்டம் ஒன்றும் உண்டு. வெள்ளத் தடுப்பும் நீர்நிலைகளும் அதில் பேசப்பட்டிருக்கின்றன. வரும் ஆண்டு ஒதுக்கீடு அதோடு எங்கே பொருந்துகிறது என்று கேட்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது.

மக்களே நேரடியாகப் பட்ஜெட்டில் கை வைக்கும் ஊர்களும் இருக்கின்றன. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989-இல் தொடங்கியது. புணே மாநகராட்சி 2006 முதல் குடிமக்களிடம் படிவம் வாங்கி வேலைகளைச் சேர்த்து வருகிறது. நம் ஊரில் அந்தப் படிவம் வரும்வரை பகுதி சபைத் தீர்மானம்தான் நம் படிவம்.

பணம் ஒதுக்கியாயிற்று என்று ஓய்ந்துவிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். தூர்வாரும் வேலை செப்டம்பருக்குள் முடியவேண்டும். ஒப்பந்தப்புள்ளிக்கு, 2 கோடி வரையான வேலையென்றால் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தரவேண்டும் என்பது விதி. பிறகு பரிசீலனை, பணி ஆணை. ஏப்ரலிலேயே ஒப்பந்தப்புள்ளி வெளிவராவிட்டால் அந்த ஆண்டு போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் தேர்தல் வந்தால் நடத்தை விதிகளால் புது வேலைகள் நிற்கும். அதையும் கணக்கில் வையுங்கள். அரசின் ஒப்பந்தப்புள்ளித் தளத்தை ஏப்ரல், மே மாதங்களில் யாராவது ஒருவர் வாரந்தோறும் பார்க்கட்டும்.

வேலை தொடங்கும் நாளில் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எவ்வளவு மண் எடுத்தார்கள் என்பது, தூர்வாருமுன் எடுத்த மட்டத்துக்கும் பின் எடுத்த மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். அதை அளவுப் புத்தகத்தில் ஏற்றித்தான் ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் தொகை தருகிறார்கள். முதல் மட்டம் எடுக்காமல் பொக்லைன் இறங்கிவிட்டாலோ, கடைசி மட்டம் எடுக்குமுன் மழை வந்து குளம் நிரம்பிவிட்டாலோ, எடுத்த மண்ணின் அளவு யாராலும் சரிபார்க்க முடியாத ஒன்றாகிவிடும். இரண்டு மட்டமும் எடுக்கும்போது தெருக்காரர்கள் நால்வர் உடன் இருப்பது நேர்மையான பொறியாளருக்கும் பாதுகாப்பு. தகவல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் வரவேண்டும். பதிலோடு நிற்காமல், நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் மாதிரியைச் சான்றோடு பெறவும் அந்தச் சட்டத்தின் 2-ஆவது பிரிவு உரிமை தருகிறது. மதிப்பீட்டின் முழு நகல், பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள் என்று ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'ஏன் தாமதம்' என்று கேள்வியாக எழுதினால் மழுப்பலான பதில்தான் வரும்.

கடைசியாகப் பராமரிப்பு. குளத்தை வெட்டுவது மூலதனச் செலவு. அதை ஆண்டுதோறும் காப்பது வருவாய்க் கணக்குச் செலவு. இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருக்கின்றன. முதலாவது கிடைத்த பல குளங்கள் இரண்டாவது இல்லாமல் நாலைந்து மழையில் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கின்றன. வண்டல் தொட்டியை ஒவ்வொரு ஆவணியிலும் அள்ளவேண்டும், ஆகாயத்தாமரை படர்வதற்குள் எடுக்கவேண்டும், கலங்கல் வாயை ஐப்பசிக்கு முன் துப்புரவு செய்யவேண்டும். இதற்கு எந்தத் துறை, எந்தக் கணக்குத் தலைப்பு என்று வேலை முடிவுச் சான்று தரும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒப்பந்ததாரரின் குறைபாடு நீக்கும் பொறுப்பு எந்தத் தேதிவரை என்பதைப் பணி ஆணையில் பார்த்து, அதற்கு இரண்டு மாதம் முன்பாகக் கரையை ஒருமுறை முழுக்கச் சுற்றி, விரிசல், சரிவு, அடைப்பு என்று பட்டியல் போட்டு மண்டல அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தேதி தாண்டிவிட்டால் அதே விரிசலை அடைக்க இன்னொரு மதிப்பீடும் இன்னொரு நிர்வாக ஒப்புதலும் தேவைப்படும்.